கேப்டன் கையில் என்ன கட்டியிருக்கிறார்?

கேசியோ. ரோலெக்ஸ் இல்லை, பிரைட்லிங் இல்லை. பர்மா பஜாரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தக் கறுப்பு ரெசின் கேசியோ.

சென்னை விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். விமானம் கிளம்புவதற்கு முன் லோட் ஷீட்டை எடுத்துக்கொண்டு காக்பிட்டுக்குப் போய்க் கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது என் வேலையில் ஒரு பகுதி. அவர் எடைக் கணக்கைச் சரிபார்க்கும் அந்த அரை நிமிடம் எனக்குச் சொர்க்கம். அவருடைய இரண்டு மணிக்கட்டையும், பக்கத்து இருக்கையில் இருக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசரின் மணிக்கட்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். கடிகாரத்தின் மேல் ஆசை வைத்த ஒருவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

எல்லார் கையிலும் கேசியோதான் என்று சொல்ல மாட்டேன். சிட்டிசன் உண்டு, சீக்கோ உண்டு, இளைஞர்கள் கையில் ஆப்பிளும் கார்மினும் உண்டு. எப்போதாவது ஒருவர் கையில் சிவப்பும் நீலமுமாக ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர் மின்னும். அன்றைக்கு முழுவதும் எனக்கு அதே பேச்சுதான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்குத் தூங்காத கண்ணோடு வேலைக்கு வருகிறவர்கள், கைக்காசு போட்டு வாங்கி, நம்பிக் கட்டியிருப்பது பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் கடிகாரம். கோடிக்கணக்கில் விலை போகும் விமானத்தை ஓட்டுகிறவருக்கு இது போதும் என்றால், அந்தக் கடிகாரத்தில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனதில்தான் நான் முழுதாக விழுந்தேன்.

வானில் உள்ளூர் நேரம் கிடையாது. ஃபிளைட் பிளான், வானிலை அறிக்கை, கட்டுப்பாட்டு அறை கொடுக்கும் புறப்பாட்டு நேரம், சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்த நேரம், தரை தொட்ட நேரம் எல்லாமே யூடிசிதான், அதாவது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம். பயணியின் டிக்கெட்டில் மட்டும்தான் இந்திய நேரம். நாம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். இரவு 1.30க்குச் சென்னையிலிருந்து புறப்படும் விமானத்துக்கு, விமானியின் தாளில் முந்தைய நாள் தேதி போட்டு 20.00 என்று இருக்கும். நள்ளிரவு முதல் காலை 5.29 வரை நமக்கு ஒரு தேதி, வானத்துக்கு வேறு தேதி. உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் அதே ஐந்தரை மணி நேரத்தில்தான் இந்தக் குழப்பமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்தரையைக் கழிப்பது சின்னக் கணக்கு. ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சின்னக் கணக்கையும் போட வைக்காத கடிகாரம்தான் விமானிக்கு வேண்டும்.

இங்கேதான் ரோலெக்ஸ் கதை சுவையாகிறது. 1950களின் நடுவில் பான் ஆம் நிறுவனத்தின் விமானிகளுக்காக உருவானது ஜிஎம்டி-மாஸ்டர். வழக்கமான முட்களோடு, ஒரு நாளுக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும் இன்னொரு முள். வெளியே 24 மணி போட்ட வளையம். 6542 என்ற முதல் மாடலில் அந்த வளையம் பேக்கலைட்டில் இருந்தது. பகல் பாதிக்குச் சிவப்பு, இரவுப் பாதிக்கு நீலம். ஒரே பார்வையில் வீட்டு நேரமும் கிரீன்விச் நேரமும் தெரியும். என்ன ஓர் அழகான யோசனை! நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் பறந்தவர்களுக்கு அது போதும். அந்த ஊர்களுக்கிடையே வித்தியாசம் முழு மணிகளில்தான். வளையத்தை மட்டும் திருப்பினால் போதும், நிமிட முள் எல்லா ஊருக்கும் பொது.

அதே கடிகாரம் மீனம்பாக்கம் வந்தால் கதை மாறுகிறது. நிமிட முள் நமக்குச் சரியாக நின்றால் யூடிசிக்கு அரை மணி தப்பு. யூடிசிக்குச் சரியாக வைத்தால் நமக்குத் தப்பு. 24 மணி முள் எங்கே நின்றாலும், நிமிடத்தில் முப்பதைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கடிகாரம் பாதிக் கணக்கை நம் தலையிலேயே போட்டுவிடுகிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணமோ கொழும்போ போனால் தொல்லை கூடுவதில்லை. 2006 முதல் இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். யாங்கோன் என்றால் ஆறரை. காத்மாண்டு என்றால் ஐந்தே முக்கால்!

இந்த அரை மணியை வைத்து ஒரு வித்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர். அவர் கையில் எச்எம்டி பைலட். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் பிள்ளை. கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், பதினேழு கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும்.

"தம்பி, மணி என்ன?" என்றார்.

"மூணு சார்."

கையைத் திருப்பிக் கடிகாரத்தைத் தலைகீழாகக் காட்டினார். "எண்ணைப் பார்க்காதே. முள்ளை மட்டும் பார். இப்ப?"

"ஒன்பதரை."

"அதுதான்ப்பா கிரீன்விச்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! கடிகாரத்தைத் தலைகீழாக்கினால் நிமிட முள் அரைச் சுற்று நகர்கிறது. அது முப்பது நிமிடம், கச்சிதம். மணி முள் ஆறு மணி நகர்கிறது, வேண்டியதோ ஐந்தரை. அதனால் மணி முள் எப்போதும் அரை மணி பின்தங்கியே நிற்கும், கண் இரண்டே நாளில் அதற்குப் பழகிவிடும். உலகத்தில் வேறெந்தப் பெரிய நாட்டு விமானிக்கும் இந்த வசதி இல்லை. நம் நேரத்தின் கோணல்தான் சாதாரணக் கடிகாரம் ஒவ்வொன்றையும் இரட்டை நேரக் கடிகாரம் ஆக்குகிறது. அதற்குப் பிறகு முள் வைத்த எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் மனதில் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஆனால் விடியற்காலையில், மழையில், வானொலியில் எண்கள் கொட்டிக்கொண்டிருக்கும்போது வித்தைக்கு நேரமில்லை. அங்கேதான் என் நாயகன் வருகிறான்: கேசியோ ஏஇ-1200.

இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. பார்க்கப் பழைய பள்ளிக்கூடக் கால்குலேட்டர் மாதிரி இருக்கும். முகப்பில் குட்டியாக ஓர் உலக வரைபடம். இடது மேல் மூலையில், எண்களுக்குப் பக்கத்தில், திரையிலேயே வரைந்த முட்களோடு ஒரு சின்ன வட்டக் கடிகாரம். 48 நகரங்கள், 31 நேர மண்டலங்கள். அதில் டெல்லி இருக்கிறது, காத்மாண்டு இருக்கிறது, யாங்கோன் இருக்கிறது, தனியாக யூடிசியும் இருக்கிறது. அரை மணியும் முக்கால் மணியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நிமிடம். சொந்த ஊராக டெல்லியை வைத்து, வேர்ல்டு டைமில் யூடிசியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். பெரிய எண்களில் யூடிசி ஓடும். மூலையில் இருக்கும் முட்களில் நம் நேரம் தெரியும். கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை, கவிழ்ப்பதும் இல்லை. பேட்டரி பத்து வருடம். நூறு மீட்டர் தண்ணீர் தாங்கும். ஐந்து அலாரம். எந்த ஸ்விஸ் பட்டறையும் இந்த விலைக்கு இந்த வேலையைச் செய்ததில்லை!

தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் விமானத்தில் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் வருவார், சின்ன வயதுப் பெண். ஏஇ-1200தான் கட்டியிருப்பார், ரெசின் பட்டை வெளுத்துப் போயிருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மேடம், கேப்டன் ஆனதும் என்ன வாட்ச் வாங்குவீங்க?"

"இதுக்குப் புது ஸ்ட்ராப் வாங்குவேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

ஃபிளையிங் ஸ்கூல் முடித்து வரும் பிள்ளைகள் கையில் அதைவிட எளிய ஒன்று இருக்கும்: எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்தது, ரியூசுகே மொரியாய் கேசியோவுக்காக வரைந்த முதல் வடிவம். இருபத்தோரு கிராம். கட்டியிருப்பதே தெரியாது. இதில் இரண்டாவது நேரம் கிடையாது. அதனால் என்ன? முழுக் கடிகாரத்தையும் யூடிசிக்கு வைத்து, வலது பொத்தானை ஒருமுறை அழுத்தி 24 மணி முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். வீட்டு நேரத்துக்குக் கைப்பேசி இருக்கிறது. மாதத்துக்கு அதிகபட்சம் முப்பது வினாடி முன்பின் ஓடும் என்பது கேசியோ கொடுக்கும் கணக்கு. ஏர்பஸ் பேனலில் இருக்கும் கடிகாரம் ஜிபிஎஸ் பார்த்து ஓடுவது; வாரத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் விஷயம் முடிந்தது. பர்மா பஜாரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வலது பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடியுங்கள், திரையில் கேசியோ என்று எழுத்து வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பேனலிலேயே கடிகாரம் இருக்கும்போது கையில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விமானியின் வேலை காக்பிட்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. பிரீஃபிங் அறை இருக்கிறது, பேருந்து இருக்கிறது, மே மாத வெயிலில் விமானத்தைச் சுற்றி நடந்து சக்கரத்தையும் இறக்கையையும் என்ஜினையும் பார்க்கும் சோதனை இருக்கிறது, வெளியூர் ஓட்டல் அறை இருக்கிறது. அதிலும் விமானிகள் இரண்டு கட்சி. பேனலில் யூடிசி இருக்கிறது, கையில் வீட்டு நேரம் போதும் என்பது ஒரு கட்சி. எங்கே நின்றாலும் கையில் யூடிசி வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி, யோசிக்காமல். பேனல் கடிகாரம் விமானத்தோடு போய்விடும். மணிக்கட்டு அவரோடு ஓட்டலுக்கும் வரும்.

கேசியோவின் ஜி-ஷாக் பிடித்தவர்கள் தனி இனம், அவர்களை நான் உயிராக நேசிக்கிறேன். அப்பா தந்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்த வருத்தத்தில் கிக்குவோ இபே என்ற பொறியாளர் உடையாத கடிகாரம் செய்யக் கிளம்பினார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்க வேண்டும், பத்து பார் அழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி பத்து வருடம் வர வேண்டும். இருநூறு மாதிரிகள் உடைந்தன. பூங்காவில் ஒரு குழந்தை பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் இயந்திரத்தை மிதக்க விட்டால் அடி அதைத் தொடாது என்று பிடித்துவிட்டார். 1983இல் முதல் ஜி-ஷாக் வந்தது. அந்தச் சதுர வடிவம் இன்றும் 5600 வரிசையில் அப்படியே இருக்கிறது. ஏணிக் கம்பியிலும் சரக்கு அறைக் கதவிலும் இடித்துக்கொண்டே திரிகிற எங்களுக்கும் அதுதான் துணை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிடபிள்யூ-5600இல் வேர்ல்டு டைம் இல்லை. ஜிடபிள்யூ-எம்5610இல் உண்டு, சூரிய ஒளியிலேயே ஓடும். என் கையில் இருப்பது அது. என்னைக் கேட்டால் இதற்குமேல் சதுரம் என்று ஒன்று தேவையில்லை.

வெளிச்சம் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முப்பதாயிரம் அடிக்கு மேலே முகத்தில் அடிக்கும் வெயிலில், பளபளக்கும் கண்ணாடியும் மெருகேற்றிய எஃகும் கண்ணைத்தான் கூசவைக்கும். வெளிர் பின்னணியில் கறுப்பு எண்கள் காட்டும் சாதாரணத் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிவாகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண்கள் காட்டும் அழகுத் திரைகள் வந்திருக்கின்றன. அவை கல்லூரிக்குச் சரி, காக்பிட்டுக்கு ஆகாது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில கோணங்களில் எல்சிடி எண்கள் அப்படியே கறுத்து மறைந்துவிடும். விமானிகள் அந்த வகைக் கண்ணாடியைத் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேனல் திரைகளுக்கும் அதே ஆபத்து உண்டே. இரவில் நிலைமை தலைகீழ். விளக்கு தாழ்த்திய காக்பிட்டில் கையைத் தூக்கும்போதெல்லாம் ஸ்மார்ட்வாட்ச் பளீரென்று எரிந்தால் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பார். கேட்டால் மட்டும் எரிகிற கேசியோ விளக்கு எவ்வளவு நல்ல பிள்ளை! பட்டையும் அப்படித்தான். நம் ஊர் வியர்வையில் தோல் பட்டை ஒரு கோடையைத் தாண்டாது. ரெசினைக் குழாயடியில் காட்டி உதறினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஸ்டாப்வாட்சுக்கும் வேலை வரும். வடகிழக்குப் பருவமழை சென்னைமேல் உட்கார்ந்திருக்கும் நாட்களில் விமானங்களைக் காத்திருக்கச் சொல்வார்கள். வானில் நின்று காத்திருக்க முடியாது. நீள்வட்டமாகச் சுற்ற வேண்டும். பதினான்காயிரம் அடி வரை வெளியே போகும் நேர்கோட்டுக்கு ஒரு நிமிடம், அதற்கு மேலே ஒன்றரை நிமிடம். திருப்பம் வினாடிக்கு மூன்று டிகிரி, அதாவது திரும்பி எதிர்த்திசைக்கு வர இன்னொரு நிமிடம். இன்று இதையெல்லாம் கணினியே ஓட்டிவிடுகிறது. ஆனாலும் ஒரு மூத்த கேப்டன் என்னிடம் சொன்னார்: ஒவ்வொரு சுற்றிலும் கட்டைவிரலால் கேசியோ பொத்தானை அழுத்திவிடுவாராம், கணினி சரியாகச் செய்கிறதா என்று பார்க்க. அலாரத்தை எரிபொருள் சரிபார்க்கும் நேரத்துக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். கை இரண்டும் விமானத்தில் இருக்கும்போது நேரம் மணிக்கட்டில் இருக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த தேவை அல்ல. பாரிசில் பறந்துகொண்டிருந்த பிரேசில்காரர் ஆல்பர்ட்டோ சாந்தோஸ்-துமோன், சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று நண்பர் லூயி கார்த்தியேயிடம் சொன்னதும், 1904இல் அவர் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் செய்து கொடுத்ததும் இதற்காகத்தான்.

ஆடம்பரக் கடிகாரங்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1952இல் வந்த பிரைட்லிங் நேவிடைமரின் முகப்பைச் சுற்றியிருக்கும் கணக்கு வளையம் எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது. அதை வாங்கும் வசதி இல்லாமல் அதே வளையம் வைத்த சீக்கோ ஃபிளைட்மாஸ்டர் வாங்கினேன். ஒரு பயிற்றுநர் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தார். சின்னச் செஸ்னா நூறு நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். வெளி வளையத்தின் 10ஐ உள் வளையத்தின் 60க்கு நேராகத் திருப்ப வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி வான்வழியாக ஏறக்குறைய 65 நாட்டிகல் மைல். வெளியே 65ஐத் தேடினால் அதற்கு நேர் உள்ளே 39. முப்பத்தொன்பது நிமிடம்! மின்சாரம் இல்லை, திரை இல்லை, விரலால் ஒரு திருகு. பேருந்தில் உட்கார்ந்தபடி மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவு இன்பம். ஆனால் எண்கள் எறும்பு அளவு. குலுங்கும் விமானத்தில் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிரைட்லிங்கிலேயே உழைக்கிற கை என்றால் 1985இல் வந்த ஏரோஸ்பேஸ்தான்: டைட்டானியம், குவார்ட்ஸ், முள்ளும் எண்ணும் சேர்ந்தது. அதைக் கட்டியவரைப் பார்த்தால் மனதுக்குள் ஒரு சல்யூட் வைப்பேன்.

ஜிஎம்டி-மாஸ்டர் கட்டிவரும் கேப்டன் ஒருவரும் இருக்கிறார். கேப்டன் ஆன வருடம் வாங்கியது. வளையத்தில் நீலம் வெளிறிக் கிடக்கிறது, பட்டையெங்கும் கீறல். பெட்டியில் பூட்டி வைக்காமல் தினமும் வேலைக்குக் கொண்டுவந்து தேய்த்திருக்கிறாரே, அந்தக் கீறல் ஒவ்வொன்றும் எனக்கு அழகு. ஸ்மார்ட்வாட்ச் பக்கம் வந்தால், கார்மின் டி2 பக்கத்து விமான நிலையத்துக்கு வழியும் காட்டும், வானிலையும் சொல்லும். நல்ல கருவிதான், அடிக்கடி சார்ஜ் போட வேண்டும் என்பதால் என் இதயத்தில் இடம் பிடிக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு கனவு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். நம் நேரத்துக்கும் யூடிசிக்கும் நிமிடத்தில் எப்போதும் சரியாக முப்பது வித்தியாசம். அப்படியென்றால் நிமிட முள்ளின் வால் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அதுதான் யூடிசி நிமிடம்! அந்த வாலை நீட்டி, நுனியில் சிவப்பு பூசி, 24 மணி முள்ளையும் சிவப்பாக்கி, ஐந்தரை மணி தள்ளிப் பூட்டிவிட்டால் போதும். சிவப்பு சிவப்பைக் காட்டும், வெள்ளை வெள்ளையைக் காட்டும். பான் ஆமுக்கு ரோலெக்ஸ் செய்ததை நமக்கு யாரும் செய்யவில்லை. ஓசூரில் டைட்டன் இருக்கிறது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், கடிகாரம் செய்வதில் உலகத்தில் யாருக்கும் சளைத்ததல்ல. கறுப்பு முகப்பு, பெரிய எண், ரெசின் பட்டை, ஐயாயிரத்துக்குள் விலை. செய்து பாருங்கள். முதல் கடிகாரம் எனக்கு, இரண்டாவது அந்தத் தூத்துக்குடி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு. காசை நானே கட்டுகிறேன்.